ஒரே வேலையை மூன்றாவது தடவை செய்யும்போது தேடுங்கள்

நீங்கள் கேட்டது இது: இரண்டு வருடமாக வீட்டில் கணினியில் பொழுதுபோக்காக இசை செய்கிறீர்கள். பதிவு செய்வது, பியானோ ரோலில் (நோட்டுகளைக் கட்டங்களில் வரையும் ஜன்னல்) நோட் போடுவது, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யக் கொஞ்சம் ஈக்யூ, எதிரொலிக்குக் கொஞ்சம் ரிவெர்ப், கடைசியில் கோப்பாக எக்ஸ்போர்ட். மென்பொருளில் இதற்கு மேல் எதையும் தொட்டதில்லை. உள்ளே நிறைய இருக்கிறது என்று தெரிகிறது. எதைத் தேடுவது, எங்கே தேடுவது, விலை கூடிய பதிப்பு வாங்கினால்தான் கிடைக்குமா என்பதுதான் தெரியவில்லை.

முதலில் ஒன்று. "உங்களுக்குத் தெரியாத ஐம்பது வசதிகள்" மாதிரிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரியும். மறுநாள் ஒன்றுகூட நினைவில் இருக்காது. தேவை வராமல் கற்ற வசதி கையில் ஒட்டுவதில்லை. எனக்குப் பலன் தந்த வழி வேறு. ஒரே வேலையைக் கையால் மூன்றாவது தடவை செய்கிறீர்கள், அலுப்புத் தட்டுகிறது என்றால், அங்கேயே நிறுத்துங்கள். அந்த அலுப்பு உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேருக்கு வந்திருக்கும். அவர்களில் யாராவது மென்பொருளை உருவாக்கியவர்களிடம் கேட்டிருப்பார்கள். அதற்கான வசதி பெரும்பாலும் உள்ளே ஏற்கெனவே இருக்கும்.

எனக்கு இது உறைத்தது ஒரு கிட்டார் பகுதியில். நிஜக் கிட்டார் இல்லை, பியானோ ரோலில் போட்டது. ஒரு கார்டின் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) 6 நோட்டும் ஒரே நொடியில் ஒலித்தால் அது கிட்டாராகக் கேட்காது, ஆர்கன் மாதிரி இருக்கும். நிஜக் கையில் விரல் மேல் தந்தியில் பட்டுக் கீழ்த் தந்திக்கு இறங்குவதற்குள் சில மில்லிவினாடிகள் ஆகும். அதனால் ஒவ்வொரு நோட்டையும் மவுஸால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். 16 பார் (தாளச் சுற்று), பாருக்கு 4 அடி, மொத்தம் 64 அடி. ஒவ்வோர் அடியிலும் 5 நோட்டைத் தள்ள வேண்டும். 320 நோட்டு. இரண்டு மாலைகள் போயின. அடுத்த பாட்டிலும் அதே வேலை. அதற்கடுத்த பாட்டில் கை ஓடவில்லை, தேட ஆரம்பித்தேன்.

தேடியும் முதலில் கிடைக்கவில்லை. "நோட்டுகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பது எப்படி" என்று தேடிக்கொண்டிருந்தேன். நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் சரியாக உட்கார வைக்கும் க்வான்டைஸ் பற்றித்தான் வந்தது. கிட்டார்காரர்கள் அந்தக் கை அசைவை ஸ்ட்ரம் என்கிறார்கள் என்பது ஞாபகம் வந்து அந்தச் சொல்லைப் போட்டதும், ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில், பியானோ ரோலில் ஆல்ட் + எஸ் அழுத்தினால் அதற்கென்றே ஒரு கருவி திறக்கிறது. ஏபிள்டன் லைவில் 2024-இல் வந்த 12-ஆம் பதிப்பில் நோட்டுகளை மாற்றும் கருவிகளில் ஒன்றாக ஸ்ட்ரம் சேர்ந்தது. வசதி கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் பெயர் நமக்குத் தெரியாததுதான். ஆகவே வசதிகளைத் தேடுவது என்பது பாதிக்கு மேல் பெயர்களைத் தேடுவதுதான்.

இவ்வளவும் ஏன் ஒளிந்து கிடக்கிறது என்று தோன்றலாம். யாரும் ஒளித்து வைக்கவில்லை, இந்த மென்பொருள்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். கியூபேஸ் 1989-இல் அட்டாரி எஸ்டி கணினிக்காக வந்தது. எஃப்எல் ஸ்டுடியோ 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பிறந்தது. ஏபிள்டன் லைவ் 2001-இல் வந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாகச் சேர்க்கிறார்கள். பழையதை எடுத்தால் அதை நம்பிப் பாட்டு செய்தவர்களின் ப்ராஜெக்ட் திறக்காமல் போகும் என்பதால் எடுக்க முடிவதில்லை. இருபது முப்பது வருடத்துச் சேகரிப்பு ஒரு திரைக்குள் அடங்காது. அதனால் முக்கியமானவை வெளியே நிற்கின்றன, மற்றவை வலது க்ளிக்குக்குள்ளும் ஷார்ட்கட் பட்டியலுக்குள்ளும் போய்விடுகின்றன.

சரி, பெயர்களை எங்கே பிடிப்பது? நான் முதலில் போகும் இடம் ஷார்ட்கட் பட்டியல். விசைகளை மனப்பாடம் செய்ய இல்லை; மென்பொருளால் செய்ய முடிந்த வேலைகளின் முழுப் பட்டியலாக அதைப் படிக்கிறேன். ரீப்பர் என்ற மென்பொருளில் கேள்விக்குறி விசையை அழுத்தினால் ஆக்ஷன் பட்டியல் திறக்கும். ஆயிரக்கணக்கான செயல்கள், மேலே ஒரு தேடல் பெட்டி. அதில் "ஃபேட்" என்றோ "ஸ்ப்ளிட்" என்றோ ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். மெனுவில் நீங்கள் பார்த்தேயிராத வரிகள் கொட்டும். பல செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒரே விசையில் ஓடும் சொந்தச் செயலாகவும் வைத்துக்கொள்ளலாம். லாஜிக் புரோவில் ஆப்ஷன் + கே அழுத்தினால் இதே மாதிரிப் பட்டியல் வரும். அதிலுள்ள பல கட்டளைகளுக்கு எந்த மெனுவிலும் இடமில்லை; அந்த ஜன்னலைத் திறக்காதவருக்கு அவை இருப்பதே தெரியாது.

இரண்டாவது, திரையின் ஓரத்தில் பேசிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. லைவில் இடது கீழ் மூலையில் ஒரு தகவல் பெட்டி இருக்கிறது. எதன் மேல் மவுஸை வைத்தாலும் அது என்ன, எதற்கு என்று இரண்டு மூன்று வரியில் சொல்லும். இடத்தை அடைக்கிறது என்று பலர் அதை முதல் நாளே மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், அல்லது மாதத்துக்கு ஒரு நாளாவது திறந்து வையுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் இடது மேல் மூலையில் ஓடும் குறிப்பு வரியும், லாஜிக்கில் கேள்விக்குறிப் பொத்தானில் திறக்கும் உடனடி உதவியும் இதே வேலையைச் செய்கின்றன. தினமும் பார்த்தும் அழுத்தாத பொத்தான் ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது இருக்கும். அதன் மேல் மவுஸை நிறுத்துங்கள். பெயர் கிடைத்துவிட்டால் பயனர் கையேட்டில் அந்தச் சொல்லைத் தேடிக்கொள்ளலாம். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லமாட்டேன். பொருளடக்கத்தை மட்டும் ஒரு தடவை மெதுவாகப் படியுங்கள். அரை மணி நேரம் போதும். "இது என்னவாக இருக்கும்?" என்று தோன்றும் தலைப்புகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளோடு வரும் மாதிரிப் ப்ராஜெக்ட்டுகளைத் திறந்து, ஒவ்வொரு டிராக்கையும் தனியாக சோலோ போட்டுப் பார்ப்பதும் எனக்குப் பிடித்த வழி. தயாரித்தவர்கள் தங்கள் கருவியை எப்படிப் பயன்படுத்த நினைத்தார்கள் என்பது அங்கே கண்கூடாகத் தெரியும்.

இனி, தேடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல், எனக்கு உண்மையிலேயே வேலை செய்யும் விதத்தை மாற்றிய சிலவற்றைச் சொல்கிறேன். எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்க வாய்ப்புள்ளவை.

முதலாவது, பதிவு செய்யாமல் வாசித்ததைத் திரும்ப எடுப்பது. கீபோர்டில் சும்மா விரலை ஓட்டும்போதுதான் நல்ல மெட்டு வரும். சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் கை இறுகிவிடும், அந்த மெட்டு போன இடம் தெரியாது. பல மென்பொருள்கள் நீங்கள் பதிவு செய்யாத நேரத்திலும் கீபோர்டிலிருந்து வருகிற மிடியை (எந்த நோட்டு, எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற தகவல்; ஒலி இல்லை) பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. லைவில் 2018-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து கேப்ச்சர் மிடி என்று ஒரு பொத்தான் உண்டு. டிராக்கைப் பதிவுக்குத் தயாராக வைத்திருந்தால் போதும், வாசித்து முடித்த பிறகு அழுத்தினால் வாசித்தது க்ளிப்பாக, அதாவது டிராக்கில் ஒரு துண்டாக, வந்து விழும். காலியான ப்ராஜெக்ட் என்றால் உங்கள் வாசிப்பை வைத்து டெம்போவையும் அதுவே கணிக்கும். எஃப்எல் ஸ்டுடியோவில் டூல்ஸ் மெனுவில் ஸ்கோர் லாகைப் பேட்டர்னில் கொட்டும் கட்டளை இதைத்தான் செய்கிறது. கடைசிச் சில நிமிடங்களில் வாசித்த எல்லாமே வந்துவிடும். கியூபேஸில் இதற்கு ரெட்ரோஸ்பெக்டிவ் ரெக்கார்ட் என்று பெயர். லாஜிக்கில் ஷிஃப்ட் + ஆர். ஒரே வசதிக்கு நான்கு இடத்தில் நான்கு பெயர், பார்த்தீர்களா? பெயர்தான் பாதி வேலை என்று சொன்னதற்கு இது நல்ல உதாரணம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதெல்லாம் மிடிக்கு. மைக்கில் பாடியதை இப்படித் திரும்ப எடுக்க முடியும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, க்ரூவ், அதாவது தாளத்தின் நடை. எல்லாவற்றையும் க்வான்டைஸ் செய்தால் பாட்டு கட்டம் போட்ட தாள் மாதிரி ஆகிவிடுகிறது. செய்யாமல் விட்டால் தடுமாறுகிறது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது புதிதல்ல. ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினிலும், பிறகு அவர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்து 1988-இல் வந்த எம்பிசி60-இலும் ஸ்விங் என்று ஒன்றை வைத்தார். அதன் கணக்கு எளிது. இரண்டு பதினாறாம் நோட்டுகளை (ஒன்று ஓர் அடியில் கால் பங்கு) ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் என்றால் இரண்டாவது நோட்டு சரியாக நடுவில் விழும். 66 சதவீதம் என்றால் ஏறக்குறைய ட்ரிப்ளெட், அதாவது மூன்றாகப் பிரியும் நடை. 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 அடி) அந்த ஜோடியின் மொத்த நீளம் 250 மில்லிவினாடி. 54 சதவீத ஸ்விங் வைத்தால் இரண்டாவது நோட்டு 125-இல் விழ வேண்டியது 135-இல் விழுகிறது. வெறும் 10 மில்லிவினாடி. காதுக்குத் தாமதம் என்று தோன்றாது, ஆனால் தலை தானாக ஆட ஆரம்பிக்கும்.

ஸ்விங் குமிழைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதிகம் பேர் தொடாதது அதற்கு அடுத்த படி: ஒரு நல்ல வாசிப்பிலிருந்து நடையை மட்டும் உருவி எடுத்து, வேறு டிராக்குக்குப் போடுவது. லைவில் ஒரு க்ளிப்பின் மேல் வலது க்ளிக் செய்தால் க்ரூவைப் பிரித்தெடுக்கும் கட்டளை இருக்கும். எடுத்தது க்ரூவ் பூல் என்ற இடத்தில் வந்து உட்காரும். அங்கிருந்து எந்த க்ளிப்புக்கும் இழுத்துவிடலாம், எத்தனை சதவீதம் வேண்டும் என்றும் வைக்கலாம். லாஜிக், கியூபேஸ் இரண்டிலும் ஒரு வாசிப்பைக் க்வான்டைஸ் அச்சாக மாற்றி வைத்துக்கொள்ளும் வழி உண்டு. நான் செய்வது இப்படி: மேசையைக் கையால் தட்டி ஃபோனிலேயே நாலு பார் பதிவு செய்கிறேன். அதிலிருந்து நடையை எடுத்து, கட்டத்துக்குள் இறுகிக் கிடக்கும் ஹைஹாட்டுக்குப் போடுகிறேன், 60 அல்லது 70 சதவீதம். தட்டியது என் கை என்பதால் அந்த நடையில் என் சாயல் இருக்கிறது. டிரம் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது என்றே நினைக்கிறேன்.

இதோடு ஒட்டியதுதான் டிராக் டிலே. வயலின் கூட்டம் மாதிரி மெதுவாக எழும் ஒலிகள், நோட்டு சரியான இடத்தில் இருந்தாலும், எப்போதும் பின்தங்கியே கேட்கும். நோட்டுகளை ஒவ்வொன்றாக முன்னால் இழுக்க வேண்டாம். டிராக்குக்கே எதிர்மறை டிலே, உதாரணமாக மைனஸ் 60 மில்லிவினாடி, கொடுத்துவிடலாம். நோட்டுகள் கட்டத்தில் அழகாக இருக்கும், ஒலி மட்டும் சரியான நேரத்துக்கு வரும். லைவில் மிக்ஸரில் டிராக் டிலே என்று தனி வரிசையைத் திறக்க வேண்டும், கியூபேஸில் டிராக்கின் இன்ஸ்பெக்டரில் இருக்கிறது, ரீப்பரில் டிராக்கின் ரூட்டிங் ஜன்னலில் மீடியா ப்ளேபேக் ஆஃப்செட் என்ற பெயரில் இருக்கிறது.

இப்போது நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்லும் ஒன்று. இது தனி வசதிகூட இல்லை. எல்லா மென்பொருளிலும் இருக்கும் ஒரு சின்னப் பொத்தானின் பயன். பெரும்பாலும் குறுக்குக் கோடு போட்ட வட்டமாக ஒரு குறி மிக்ஸரிலோ ஏதாவது ஒரு கருவிக்குள்ளோ இருக்கும்: போலாரிட்டியைத் திருப்பும் பொத்தான். அலையின் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். தனியாகக் கேட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் யாரும் தொடுவதில்லை. ஆனால் ஒரே ஒலியை இரண்டு டிராக்கில் வைத்து ஒன்றை மட்டும் திருப்பினால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முழு அமைதி. இரண்டுக்கும் இடையில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கேட்கும். இதை நல் டெஸ்ட் என்பார்கள்.

இது எனக்கு எதைக் கற்றுத் தந்தது என்று சொல்கிறேன். ஒரு பிளகினை (ஒலியை மாற்ற டிராக்கில் சொருகும் சிறு மென்பொருள்) பல மாதங்களாக எல்லாப் பாட்டிலும் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டதும் குரல் முன்னால் வந்து நிற்கிறது, ஒரு கதகதப்பு வருகிறது என்று உறுதியாக நம்பினேன். ஒரு நாள் அதே குரலை பிளகின் போட்டும் போடாமலும் இரண்டு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ஒன்றைத் திருப்பி வைத்துக் கேட்டேன். மிச்சமாக ஒலித்தது அதே குரல்தான், மெல்லிசாக. பிளகின் போட்ட கோப்பின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) 0.1 டெசிபல், 0.1 டெசிபலாக இறக்கிக்கொண்டே போனேன். 1 டெசிபல் இறக்கியதும் கிட்டத்தட்ட எல்லாமே மறைந்துவிட்டது. அதாவது நான் வைத்திருந்த அளவில் அந்த பிளகின் செய்த வேலை, சத்தத்தை 1 டெசிபல் கூட்டியது மட்டும்தான். சத்தம் கூடினால் காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதை நான் கதகதப்பு என்று நினைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த எஃபெக்ட்டைப் போட்டாலும் போட்டதற்கு முன்னும் பின்னும் சத்தத்தைச் சமன் செய்துவிட்டுத்தான் முடிவு செய்கிறேன். என் மிக்ஸில் பிளகின்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

செய்யும்போது சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோப்பும் ஒரு சாம்பிள்கூட (ஒலிப் பதிவின் மிகச் சிறிய துண்டு) விலகாமல் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். சத்தத்தில் 0.1 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே, மூல ஒலியைவிடச் சுமார் 39 டெசிபல் கீழே ஒரு மிச்சம் கேட்கும்; அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கோரஸ் மாதிரி தானாக ஆடிக்கொண்டே இருக்கும் எஃபெக்ட்டுகளுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி ஒலிக்கும். பொத்தான் எங்கே என்றால்: ரீப்பரில் டிராக்கிலேயே இருக்கிறது, எஃப்எல் ஸ்டுடியோவில் மிக்ஸர் டிராக்கில், லைவில் யூட்டிலிட்டி என்ற கருவிக்குள், லாஜிக்கில் கெய்ன் பிளகினுக்குள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எஃபெக்ட் மெனுவில் இன்வெர்ட் என்று இருக்கும். உங்கள் பாட்டின் வேவ் கோப்பையும் எம்பி3 கோப்பையும் இப்படிக் கழித்துப் பாருங்கள். எம்பி3 ஆக்கும்போது முன்னால் கொஞ்சம் வெற்றிடம் சேரும் என்பதால் முதலில் நகர்த்திச் சரியாகப் பொருத்த வேண்டும். பிறகு கேட்கும் அந்தச் சலசலப்பு, எம்பி3 உங்கள் பாட்டில் என்னென்ன மாற்றியது என்பதைக் காட்டும்.

அடுத்தது கீபோர்டை அழுத்தியதும் சத்தம் தாமதமாக வரும் தொல்லை. எல்லாரும் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலியின் அளவை, குறைக்கச் சொல்வார்கள், சரிதான். 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 3 மில்லிவினாடி. ஆனால் பஃபரைக் குறைத்தும் சத்தம் இழுத்துக்கொண்டே வந்தால் குற்றவாளி வேறு. எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டரில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு பிளகின், முன்னால் வரப்போவதைப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ, தன் வேலைக்காக ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 4,096 சாம்பிள் பிடித்து வைத்தால் 93 மில்லிவினாடி ஆகிவிட்டது, வாசிக்கவே முடியாது. ப்ளேபேக்கில் மென்பொருள் மற்ற டிராக்குகளையும் அதே அளவு தள்ளிவைத்துச் சமன் செய்துவிடுவதால் இது தெரியாது. நேரடியாக வாசிக்கும்போதுதான் தெரியும். இந்தத் தாமதத்தை லேட்டன்சி என்பார்கள். இதற்கென்றே லாஜிக்கில் லோ லேட்டன்சி மோட், கியூபேஸில் டிலே ஈடுகட்டலைக் கட்டுப்படுத்தும் பொத்தான், லைவில் மானிட்டரிங்கின்போது லேட்டன்சியைக் குறைக்கும் தேர்வு என்று வைத்திருக்கிறார்கள். பாதி மிக்ஸ் செய்த ப்ராஜெக்ட்டில் புதிதாக ஒன்றை வாசித்துச் சேர்க்க நினைக்கும்போது இதை அழுத்துங்கள், வாசித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். புது சவுண்ட் கார்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்கு இந்த ஒரு பொத்தானிலேயே பிரச்சினை தீர்ந்தது.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிவெர்புக்கு ஒலியின் நகலை அனுப்பும் செண்டை ஃபேடருக்கு முன்னால் எடுக்கும் ப்ரீ ஃபேடருக்கு மாற்றிவிட்டு, குரலின் ஃபேடரை மெதுவாக இறக்கிப் பாருங்கள். பாடுபவர் தூரத்துக்கு நடந்து போவது போல, கடைசியில் எதிரொலி மட்டும் நிற்கும். லைவில் ஒரு க்ளிப்பின் ஆட்டோமேஷனை (குமிழ்கள் தானாக அசைய வரையும் கோடு) க்ளிப்பின் நீளத்திலிருந்து பிரித்து, 4 பார் லூப்புக்கு 3 பார் நீளமுள்ள ஃபில்டர் அசைவு வைத்தால், இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேர 12 பார் ஆகும். நான்கு பார் லூப் பன்னிரண்டு பாருக்கு அலுக்காது. ஒரு ஒலியின் சத்தத்தை வைத்து வேறொன்றின் குமிழை ஆட்டவும் முடியும்: எஃப்எல் ஸ்டுடியோவில் பீக் கன்ட்ரோலர், ரீப்பரில் பிளகின் ஜன்னலின் பேராமீட்டர் மாடுலேஷன். பாடும்போது டிலே எஃபெக்ட் (குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்க வைப்பது) ஒதுங்கி, வரி முடிந்ததும் எழும்பி வருவதை இப்படித்தான் செய்கிறேன். முன்பு ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஆட்டோமேஷன் கோடு வரைந்துகொண்டிருந்தேன்.

ஆடாசிட்டி மட்டுமே வைத்திருப்பவர்களும் குறைத்து எண்ண வேண்டாம். ஒரு மணி நேரம் தொடர்ச்சியாகப் பதிவு செய்துவிட்டு, கேட்டுக்கொண்டே நல்ல இடம் வரும்போதெல்லாம் கன்ட்ரோல் + எம் அழுத்துங்கள். அங்கே ஒரு லேபிள் விழும். கடைசியில் லேபிள்களை வைத்துத் தனித்தனிக் கோப்புகளாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம். வெட்டும்போது டிக் என்று சத்தம் வந்தால், பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் விசையை அழுத்துங்கள்; அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்கு விளிம்புகள் நகர்ந்துகொள்ளும். அப்புறம் வெட்டினால் டிக் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். எஃபெக்ட் மெனுவில் பால்ஸ்ட்ரெச் என்று ஒன்று இருக்கிறது. ஐந்து வினாடிப் பியானோவைக் கொடுத்து இருபது மடங்கு இழுக்கச் சொன்னால், படத்துக்குப் பின்னால் ஓடும் மேகம் மாதிரி ஓர் ஒலி கிடைக்கும். என் பாட்டுகள் சிலவற்றில் பின்னணியில் இருப்பது அதுதான்.

விலை கூடிய பதிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில வசதிகள் உண்மையிலேயே மேல் பதிப்புகளில் மட்டும்தான். லைவில் ஆடியோவை மிடி நோட்டுகளாக மாற்றும் வசதி ஸ்டாண்டர்ட், சூட் என்ற மேல் பதிப்புகளில்தான் இருக்கிறது. ஆனால் நான் மேலே விரிவாகச் சொன்னவற்றில் பெரும்பாலானவை பணத்தோடு சம்பந்தமில்லாதவை. ஒரு வசதிக்காக மேல் பதிப்புக்குப் போக நினைத்தால், தயாரிப்பாளரின் தளத்தில் பதிப்புகளை ஒப்பிடும் அட்டவணையில் அந்த வசதியின் சரியான பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால், அந்த வேலையைக் கடைசி மூன்று பாட்டில் எத்தனை தடவை கையால் செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தடவைதான் என்றால் வாங்க வேண்டாம். மென்பொருளையே மாற்றலாமா என்ற யோசனைக்கும் இதே கணக்குதான். மாற்றினால் பெயர்கள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும், அதற்கே ஒரு வருடம் ஓடிவிடும்.

எந்த வேகத்தில் போவது? நான் ஒரு பாட்டுக்கு ஒரு புது வசதி என்று வைத்திருக்கிறேன். இரண்டு எடுத்தால் பாட்டு நின்றுவிடுகிறது. மென்பொருளோடுதான் மாலை போகிறது. கண்டுபிடித்ததை ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே எழுதி வைக்கிறேன். ரீப்பர், லாஜிக், கியூபேஸ் எல்லாவற்றிலும் ப்ராஜெக்ட்டோடு சேமிக்கப்படும் குறிப்புப் பகுதி இருக்கிறது, அதுவும் அதிகம் பேர் திறக்காத ஒன்று. "குரல் டிலே இப்படி ஒதுங்குகிறது, இந்த ஜன்னலில் பார்" என்று ஒரு வரி போதும். ஆறு மாதம் கழித்து அந்தப் பாட்டைத் திறக்கும்போது, எப்படிச் செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது. மூன்று பாட்டில் தொடர்ந்து பயன்பட்டதை என் டெம்ப்ளேட்டுக்குள் சேர்த்துவிடுகிறேன். அதன் பிறகு அதைத் தேட வேண்டியதே இல்லை, புது ப்ராஜெக்ட் திறக்கும்போதே தயாராக இருக்கும்.

நீங்கள் எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், பதிவு செய்யாமல் வாசித்ததைத் திரும்ப எடுப்பதில் ஆரம்பிக்கச் சொல்வேன். உங்கள் மென்பொருளில் அதற்கு என்ன பெயர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இன்று மாலை ப்ராஜெக்ட்டைத் திறந்து, எதையும் அழுத்தாமல் பத்து நிமிடம் வாசித்துவிட்டு, அப்புறம் அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு என்று எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.